ஏற்காட்டில் ஓட மறுக்கும் நிரல்: ஸ்டாட்டிக்காக இணைத்தால் தீருமா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் சேலத்தில், உபுண்டு 22.04 உள்ள மடிக்கணினியில், சி++ மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள். காப்பித் தோட்டத்தில் ஆள்வாரியாகப் பறித்த பழத்தின் எடையை எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தில் பதிந்து, இரவானதும் அன்றைய கணக்கை, இணையத்தில் தரவு அனுப்ப உதவும் கர்ல் லைப்ரரி வழியாகச் சேலம் அலுவலகத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதே கோப்பை ஏற்காட்டில் உள்ள தோட்ட அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டினால், அங்கே உபுண்டு 20.04 இருப்பதால், ‘ஜிலிப்சி_2.34 பதிப்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. மேலே இணைய வேகம் போதாததால் அந்தக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வழியில்லை. ஆகவே எல்லா லைப்ரரிகளையும் ஸ்டாட்டிக்காக உள்ளே இணைத்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாமா, அதில் என்ன தவறு, விலைக்கு விற்கும் நிரல் என்பதால் உரிமச் சிக்கல் ஏதும் வருமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நிரலுக்குள் ஓடும் பிறர் எழுதிய நிரல்வரிகளுக்கு, உருவாக்கிக் கொடுப்பவர் பொறுப்பா, ஓடும் கணினியைப் பார்த்துக்கொள்பவர் பொறுப்பா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலம் வட்டாரத்தின் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் எடை மேடைகளுக்கும் யுனிக்ஸ் வகைக் கணினிகளில் ஓடும் நிரல்களை எழுதியும் பராமரித்தும் வருகிறேன். இரண்டு வகை இணைப்பிலும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பதில்.

உங்களுக்கு வந்த பிழைச்செய்தி ஏன் 2.34 என்ற எண்ணைக் குறிப்பாகச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தீர்வின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி, தான் வழங்கும் ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரோடும் அது எந்தப் பதிப்பில் வந்தது என்ற முத்திரையையும் சேர்த்தே வைத்திருக்கும். ஒரு செயற்கூறு நடந்துகொள்ளும் விதம் பின்னாளில் மாறினால், பழைய முத்திரையுள்ள வடிவத்தை நீக்காமல், புதிய முத்திரையோடு இன்னொரு வடிவத்தைப் பக்கத்திலேயே வைப்பார்கள். மெம்காப்பி என்னும் செயற்கூறு 2.14 பதிப்பில் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முன்பிருந்தே விதி. விதியை மீறிய பழைய நிரல்கள் வேகப்படுத்திய புதிய வடிவத்தில் உடைந்தன. அவை பழைய வடிவத்தையே தொடர்ந்து பெறட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஏற்பாட்டால் பழைய ஜிலிப்சியில் உருவான நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடும்; புதியதில் உருவானது பழையதில் ஓடும் என்ற உறுதி கிடையாது. வண்டி ஒரு திசையில் மட்டும் போகும் பாதை இது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், தனித்தனிக் கோப்புகளாக இருந்த பிதிரெட் முதலிய துணை லைப்ரரிகளைத் தாய் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்ததோடு, மெயின் செயற்கூற்றை அழைத்துத் தொடங்கிவைக்கும் உட்செயற்கூற்றுக்கும் புதிய முத்திரை இட்டார்கள். ஆகவே 2.34-க்குப் பிந்தைய ஜிலிப்சி உள்ள கணினியில் உருவாக்கினால், ஒன்றுமே செய்யாத வெறும் மெயின் உள்ள நிரல்கூட 2.34-ஐக் கேட்கும். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31. உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை. லைப்ரரியை நிரலுக்கு வெளியே வைத்துப் பல நிரல்கள் பயன்படுத்தும் பகிர்வு லைப்ரரி என்னும் ஏற்பாட்டிலும் பிழை இல்லை. உருவாக்கிய இடம்தான் பொருந்தவில்லை.

இனி இரண்டு வகை இணைப்பும் உள்ளே எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஏஆர் என்னும் கருவி கட்டிவைத்த ஒரு மூட்டை; கம்பைலர் தந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் அப்படியே அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும், கூடவே எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற அட்டவணையும் இருக்கும். இவற்றையெல்லாம் இணைத்து நிரலாக்கும் கருவியான லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு வரும். இதுவரை பார்த்த கோப்புகள் கேட்டு இன்னும் கிடைக்காத பெயர்கள் எவையோ, அவற்றைக் கொண்ட ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் மூட்டையிலிருந்து உருவி எடுத்து உங்கள் நிரலில் சேர்க்கும். லைப்ரரியின் பெயரை உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் எழுதிவிட்டால், அந்த நேரத்தில் கேட்பார் எவரும் இல்லாததால் மூட்டையைத் தொடாமலே கடந்துவிட்டு, பிறகு பெயர் கிடைக்கவில்லை என்று புலம்பும். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாலைப் பொழுதை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். இன்னொரு குறையும் உண்டு: அந்த மூட்டை தனக்கு வேறு எந்த லைப்ரரிகள் தேவை என்பதைத் தன்னிடம் எழுதி வைத்திருப்பதில்லை. கர்ல் லைப்ரரியை ஸ்டாட்டிக்காக இணைக்கப் போனால், அதற்குப் பின்னால் வரும், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், தரவைச் சுருக்கும் இசட்லிப் என்று முழுச் சங்கிலியையும் நீங்களே வரிசையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பிகேஜி-கான்ஃபிக் கருவியை ஸ்டாட்டிக் தேர்வுடன் அழைத்தால் அந்தப் பட்டியலை ஓரளவு சொல்லும்.

பகிர்வு லைப்ரரியில் லிங்கர் எதையும் நகலெடுப்பதில்லை. எந்த லைப்ரரி தேவை என்ற பெயரை மட்டும் நிரலில் எழுதி வைக்கும். அந்தப் பெயருக்கு எஸ்ஓநேம் என்று பெயர். நிரலைத் தொடங்கும்போது இயங்குதளத்தின் கருவான கெர்னல் முதலில் இயக்குவது எல்டி-லினக்ஸ் என்னும் டைனமிக் லிங்கரை. அது அந்தப் பெயர்களைத் தேடி, கோப்புகளை நினைவகத்தில் விரித்து, அழைப்புகளைச் சரியான முகவரிகளோடு கோத்துவிட்ட பிறகுதான் உங்கள் நிரலுக்கு முறை வரும். கீழேயிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் அரிசி பருப்பைச் சுமந்துகொண்டு ஏறுவதா, மேலே கடை இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு ஏறுவதா என்பதுதான் வேறுபாடு. உங்கள் நிரல் வெறுங்கையோடு ஏறியது. அது கேட்ட சரக்கு மேலே உள்ள கடைக்கு இன்னும் வந்துசேரவில்லை.

யுனிக்ஸ் வரலாற்றில் தொடக்கத்தில் எல்லாமே ஸ்டாட்டிக் இணைப்பாகத்தான் இருந்தது. சிஸ்டம் V-இன் மூன்றாம் வெளியீட்டில் வந்த பகிர்வு லைப்ரரிகளுக்கு ஆளுக்கொரு நிலையான முகவரியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டியிருந்தது. லினக்ஸும் தன் முதல் சில ஆண்டுகளில், பழைய ஏ.அவுட் வடிவத்தில், அதே தொல்லையோடு வாழ்ந்தது. எந்த முகவரியிலும் ஏறி உட்காரக்கூடிய இன்றைய முறையைப் பரவலாகக் கொண்டுவந்தது 1988-இல் வந்த சன்ஓஎஸ் 4.0. அதன் வழியில் வந்த எல்ஃப் வடிவம் சிஸ்டம் V நான்காம் வெளியீட்டில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் லினக்ஸிலும் நிலைபெற்றது. அன்றைக்கு முதன்மையான காரணம் நினைவகச் சிக்கனம். இன்றும் பலர் அதையே முதலில் சொல்கிறார்கள். அது இப்போது வலுவான காரணமல்ல என்பது என் கருத்து. வெறும் வணக்கம் சொல்லும் நிரல், ஜிலிப்சியோடு பகிர்வாக இணைத்தால் சுமார் 16 கிலோபைட்டும், ஸ்டாட்டிக்காக இணைத்தால் எண்ணூறு தொள்ளாயிரம் கிலோபைட்டும் வருகிறது. ஏற்காட்டுக் கணினியின் வட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வேகத்தைப் பற்றியும் அப்படியே. 32 பிட் இன்டெல் செயலிகளில் பகிர்வு லைப்ரரிகளின் நிரல்வரிகள் ஒரு ரெஜிஸ்டரை விலையாகக் கொடுத்தன. 64 பிட்டில் நிரல் ஓடும் இடத்தை வைத்தே முகவரி கணக்கிடும் வசதி வந்துவிட்டதால் அந்த விலை மிகவும் குறைந்துவிட்டது. தொடங்கும் நேரத்தில் மில்லி வினாடிகள் மிச்சமாகும் என்பது உண்மை. ஒரு ஷெல் நிரல் ஆயிரம் முறை அழைக்கும் சிறு கருவிக்கு அது பொருட்படுத்தத்தக்கது. காலையில் ஒரு முறை திறந்து இரவுவரை ஓடும் எடைக் கணக்குக்கு அது பொருட்டே அல்ல.

இன்று உண்மையில் எடைபோட வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, பாதுகாப்புத் திருத்தம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிவந்தபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகள் அனைத்தும் பாதிக்கப்பட்டிருந்தன. பகிர்வு லைப்ரரியாக வைத்திருந்தவர்கள் ஒரு தொகுப்பைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கியதும் ஓட்டை அடைபட்டது. சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றும் வேலை தனியாக இருந்தது. தன் நிரலுக்குள் அந்த லைப்ரரியின் நகலை வைத்து விற்றவரோ, எந்தெந்த வாடிக்கையாளரிடம் எந்த நகல் இருக்கிறது என்று தேடிப் போய், ஒவ்வொன்றையும் மறுபடி உருவாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2002-இல் இசட்லிப் லைப்ரரியில் ஒரு நினைவகப் பிழை கண்டறியப்பட்டபோது, அது யார் யாருடைய நிரல்களுக்குள் நகலாகப் புகுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. ஸ்டாட்டிக்காக இணைப்பவர், அறிந்தோ அறியாமலோ, அந்த லைப்ரரியின் பராமரிப்பாளர் வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார்.

நேர்மையாக இதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பகிர்வு லைப்ரரிக்குத் திருத்தம் வந்துசேர்வது, யாராவது அந்தக் கணினியைப் புதுப்பித்தால்தான். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025-இல் முடிந்துவிட்டது. உபுண்டு ப்ரோவில் பதிந்துகொண்டால்தான் தொடர்ந்து திருத்தங்கள் வரும். இணையமே இழுத்துப் பறித்து வரும் மலையில், யாரும் புதுப்பிக்காத கணினியில், பகிர்வு லைப்ரரி பாதுகாப்பானது என்ற வாதத்துக்குப் பாதி உயிர்தான் இருக்கிறது. அதேபோல, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட புறவாசல், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்குள் நுழைந்ததே பகிர்வு லைப்ரரிகளின் சங்கிலி வழியாகத்தான்: எஸ்எஸ்ஹெச் சேவைக்குச் சில லினக்ஸ் விநியோகங்கள் செய்திருந்த ஒட்டு சிஸ்டம்டி லைப்ரரியை இழுத்துவந்தது, அது எக்ஸ்இசட் தொகுப்பின் பகுதியான எல்இசட்எம்ஏ லைப்ரரியை இழுத்துவந்தது. கடையில் வாங்குவதிலும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, ஜிலிப்சியையே ஸ்டாட்டிக்காக இணைப்பதில் உள்ள பொறி. இதை நான் சொந்தமாக அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஆலையின் எடை மேடைக்கு எழுதிய நிரலை, உங்களைப் போலவே எங்கும் ஓடட்டும் என்று எண்ணி, முழுவதும் ஸ்டாட்டிக்காக இணைத்துக் கொடுத்தேன். லிங்கர் ஒரு எச்சரிக்கை காட்டியது. எச்சரிக்கைதானே என்று கடந்துவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் சிக்கலின்றி ஓடியது. அந்தக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், எடை பதிவதெல்லாம் சரியாக நடந்து, கணக்கை அனுப்பும் கட்டம் வந்தவுடன் நிரல் செத்து விழுந்தது. காரணம் இதுதான்: கணினிப் பெயரை முகவரியாக மாற்றும் வேலையையும், பயனர் பெயரைத் தேடும் வேலையையும் ஜிலிப்சி தானே முழுவதுமாகச் செய்வதில்லை, என்எஸ்எஸ் என்னும் ஏற்பாட்டின்படி, ஓடும் நேரத்தில் தனித் துணை லைப்ரரிகளை ஏற்றித்தான் செய்கிறது. நிரல் ஸ்டாட்டிக்காக இருந்தாலும் அந்தத் துணை லைப்ரரிகள் பகிர்வானவையே; அவை, நிரலுக்குள் இருக்கும் ஜிலிப்சி எந்தப் பதிப்போ, அதே பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நான் கடந்துபோன எச்சரிக்கை இதைத்தான் வரிக்கு வரி சொல்லியிருந்தது. எழுத்துக்குறி மாற்றம் செய்யும் ஐகான்வ் பகுதிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். உங்கள் நிரல் ஒவ்வொரு இரவும் சேலத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டியது என்பதால், பெயரைத் தேடாமல் அதனால் இருக்க முடியாது. ஆகவே ஜிலிப்சியை முழு ஸ்டாட்டிக்காக இணைக்கும் வழியை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எங்கும் ஓடும் என்ற எண்ணத்துக்கே ஒரு வரம்பும் உண்டு: ஸ்டாட்டிக் நிரலும் கெர்னலைக் கேட்டுத்தான் ஓடுகிறது, ஜிலிப்சி 2.26-க்குப் பிறகு 3.2-ஐவிடப் பழைய லினக்ஸ் கெர்னலில் அது ஓடும் என்ற உறுதி இல்லை.

முழு ஸ்டாட்டிக்தான் வேண்டும் என்றால், அதற்காகவே மனம் வைத்து எழுதப்பட்ட மஸ்ஸல் என்னும் சி லைப்ரரி இருக்கிறது. ஆல்பைன் லினக்ஸ் அதன்மேல்தான் நிற்கிறது. பெயர் தேடும் வேலையை அது வெளித்துணையின்றித் தானே செய்துவிடுகிறது. ஆனால் அதுவும் ஜிலிப்சியும் எல்லா மூலைகளிலும் ஒன்றுபோல நடப்பதில்லை. பெரிய பெயர்ப் பதில்களை டிசிபி வழியாகக் கேட்கும் திறன் 2023-இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் அதற்குக் கிடைத்தது. பல இழைகள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும் நிரல்களில் அதன் ஒதுக்கீட்டு முறை மெதுவானது. வட்டார மொழி வழக்கங்களுக்கான ஆதரவும் குறைவு. உங்கள் நிரலின் அளவுக்கு இவை தடையாக இருக்காது என்றே தோன்றுகிறது, என்றாலும் நிரலைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மேலும் அந்த வழியில் போனால், எல்லா லைப்ரரிகளையும் மஸ்ஸலுக்காக மறுபடி உருவாக்க வேண்டும். லினக்ஸுக்கு வெளியே இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: மேக் கணினியில் அமைப்பு லைப்ரரியை ஸ்டாட்டிக்காக இணைக்கவே விடமாட்டார்கள், சோலாரிஸ் 10-லிருந்து ஸ்டாட்டிக் சி லைப்ரரி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஃப்ரீபிஎஸ்டி, பகிர்வு லைப்ரரிகள் பழுதானால் கணினியை மீட்பதற்கென்றே ரெஸ்க்யூ என்னும் கோப்புறையில் ஸ்டாட்டிக் கருவிகளை வைத்திருக்கிறது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ஏற்காட்டுக் கணினியில் என்ன இருக்கிறதோ அதே உபுண்டு 20.04-ஐ உங்கள் மடிக்கணினியில், தனிக் கணினிபோல ஒதுங்கி ஓடும் ஒரு டாக்கர் கன்டெய்னராக வைத்து, அதற்குள் நிரலை உருவாக்குவேன். பைதான் உலகில் எல்லா லினக்ஸிலும் ஓடும் தொகுப்புகளைத் தயாரிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய மெனிலினக்ஸ்2014 ஏற்பாடு, ஜிலிப்சி 2.17 உள்ள சென்ட்ஓஎஸ் 7-ஐ அடித்தளமாகக் கொண்டது. சி++ நிரல் என்பதால் உங்களுக்கு இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: ஜிலிப்சித் தொல்லையை வேறு வழியில் தீர்த்திருந்தாலும், அடுத்ததாக ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்று தொடங்கும் இன்னொரு பதிப்புப் பிழை, சி++ செந்தர லைப்ரரியிலிருந்து, உங்களுக்காகக் காத்திருந்திருக்கலாம். 20.04-இன் கம்பைலரைக் கொண்டே உருவாக்கினால் இரண்டும் ஒன்றாகத் தீரும். புதிய கம்பைலர் கட்டாயம் வேண்டுமென்றால் சி++ லைப்ரரியை மட்டும் உள்ளே இணைக்கும் ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ என்ற தேர்வு ஜிசிசி கம்பைலரில் இருக்கிறது.

எஸ்க்யூலைட்டைத் தயங்காமல் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர்களே எல்லா நிரல்வரிகளையும் ஒரே சி கோப்பாகத் தந்து, உங்கள் நிரலோடு சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நீங்கள் சோதித்த பதிப்பே மேலேயும் ஓடும் என்பது, தரவு சேமிக்கும் லைப்ரரியைப் பொறுத்தவரை பெரிய நிம்மதி. கர்ல் லைப்ரரியையும் அதன் பின்னால் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் வெளியிலேயே, பகிர்வாகவே விடுங்கள். இணையத்தைத் தொடும் பகுதியில்தான் ஓட்டைகள் அடிக்கடி வெளிவருகின்றன, அவற்றை அடைக்கும் பொறுப்பை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை உங்கள் நிரலிலிருந்து நேரடியாக அழைக்காமல் கர்ல் வழியாக மட்டுமே அழைப்பதும் நல்லது. 20.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்ஓநேம் 1.1 என்று முடிகிறது, 22.04-இல் 3 என்று முடிகிறது. நேரடியாக அழைத்திருந்தால், நாளைக்கு மேலே உள்ள கணினியைப் புதுப்பிக்கும்போது நிரல் மறுபடி நின்றுவிடும். கர்லின் எஸ்ஓநேம் இரண்டிலும் 4 என்றே இருப்பதால் அது தப்பிக்கும்.

உரிமம் பற்றி நான் வழக்கறிஞனாகப் பேசவில்லை, நிரல் எழுதுபவனாகப் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜிலிப்சி எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. பகிர்வாக இணைத்தால், மூலநிரலை மூடி விற்கும் உங்களுக்குத் தலைவலி குறைவு. ஸ்டாட்டிக்காக இணைத்து விற்றால், வாங்கியவர் ஜிலிப்சியை மாற்றி உங்கள் நிரலோடு மறுபடி இணைத்துக்கொள்ளும்படி, குறைந்தது உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது அவருக்குக் கொடுக்கும் கடமை வருகிறது. ஜிசிசியின் சி++ லைப்ரரிக்குத் தனி விலக்கு இருப்பதால் அதை உள்ளே இணைப்பதில் இந்தக் கடமை இல்லை, எஸ்க்யூலைட் யாரும் உரிமை கோராத பொதுச்சொத்து, கர்லின் உரிமம் மிகத் தாராளமானது. வேறு ஏதேனும் லைப்ரரி, மூலநிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தால், ஸ்டாட்டிக் வேறு பகிர்வு வேறு என்று நினைத்துத் தப்பிக்க முடியுமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அந்த இடத்தில் மட்டும் பணம் கொடுத்துச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மலை ஏறுவதற்கு முன் கீழேயே சோதித்துவிடலாம். உருவாக்கிய கோப்பின்மேல் ஆப்ஜ்டம்ப் கருவியைப் பெரிய T தேர்வுடன் ஓட்டி, வரும் பட்டியலில் ‘GLIBC_’ என்று அடிக்கோட்டோடு உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். அவற்றில் உள்ள மிகப் பெரிய எண் 2.31-ஐத் தாண்டவில்லை என்றால் முதல் தடை நீங்கிவிட்டது. பிறகு ரீட்எல்ஃப் கருவியைச் சிறிய d தேர்வுடன் ஓட்டி, தேவைப்படும் லைப்ரரிகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்டிடி என்னும் கருவியும் இதையே சொல்லும், ஆனால் அது சில சூழல்களில் நிரலையே இயக்கிவிடக்கூடியது, ஆகையால் பிறர் கொடுத்த நம்பகமற்ற கோப்புகளில் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். பட்டியலில் கர்ல் இருக்கும். ஏற்காட்டுக் கணினியில் அந்தத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று அங்குள்ளவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் 20.04-க்கான அதன் நிறுவல் கோப்பான டெப் கோப்பையும், அது கேட்கும் மற்ற டெப் கோப்புகளையும் நிரலோடு ஒரே பென்டிரைவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.